அடிதடிக்குத் தடையில்லை, பாட்டுக்குத்தான்: ‘பச்சிகி!’ படத்தை முன்வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே ஒரு பஸ் கவிழ்கிறது. 1968, கியோட்டோ. வெளியூரிலிருந்து கல்விச் சுற்றுலா வந்த மேல்நிலைப் பள்ளிப் பையன்கள், கொரியப் பள்ளி மாணவிகளைச் சீண்டுகிறார்கள். அந்தப் பெண்கள் போட்டிருப்பது சிமா சோகோரி, அதாவது கொரிய மரபுடையின் வெட்டில் தைத்த பள்ளிச் சீருடை. தூரத்திலிருந்து பார்த்தாலே யார் வீட்டுப் பிள்ளைகள் என்று தெரிந்துவிடும். கொரியப் பள்ளிப் பையன்கள் கூட்டமாக வந்து இறங்குகிறார்கள். அடி விழுகிறது. அதோடு விடாமல் சுற்றுலா பஸ்ஸின் ஒரு பக்கத்தில் தோள் கொடுத்து, ஆட்டி ஆட்டிச் சாய்த்தே விடுகிறார்கள். பார்க்கிற நமக்குச் சிரிப்பு வருகிறது. சிரித்த கையோடு, இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்றும் தோன்றுகிறது. அடுத்த இரண்டு மணி நேரமும் படம் நம்மை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் உட்கார வைத்திருக்கிறது.

‘பச்சிகி’ என்றால் கொரிய மொழியில் தலையால் முட்டுவது. எதிராளியின் காலரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து, நெற்றியால் மூக்கில் ஒன்று கொடுப்பார்களே, அது. துளைத்துக்கொண்டு கடந்து போவது என்றும் அந்தச் சொல்லுக்கு ஒரு பொருள் உண்டு. படத்துக்கு இரண்டும் வேண்டியிருக்கிறது. இயக்கம் இஸுட்சு கஸுயுகி, திரைக்கதை அவரும் ஹபாரா தைசுகேயும். 2005 ஜனவரியில் திரைக்கு வந்தது. அந்த ஆண்டின் ஜப்பானியப் படங்களில் ‘கினேமா ஜூன்போ’ பத்திரிகை இதற்கு முதலிடம் கொடுத்தது. மைனிச்சி விருது, புளூ ரிப்பன் விருது இரண்டிலும் சிறந்த படம் இதுதான்.

பள்ளிக்கூடப் பையன்கள் அடித்துக்கொள்ளும் ஒரு படத்துக்கு இவ்வளவு மரியாதையா என்று கேட்கலாம். நானும் அந்தக் கேள்வியோடுதான் இதை இரண்டாம் முறை போட்டுப் பார்த்தேன்.

ஜப்பானில் இந்த வகைப் படத்துக்குப் பஞ்சமே இல்லை. பள்ளிச் சண்டியர்களின் தலைவனுக்கு ‘பான்சோ’ என்று தனிப் பெயரே இருக்கிறது. கழுத்து வரை பொத்தான் வைத்த கறுப்புச் சீருடை. அதை இஷ்டத்துக்கு நீட்டியோ குறுக்கியோ தைத்துப் போட்டால் அவன் ‘அந்த மாதிரிப் பையன்’. 1985இல் வந்த ‘பீ-பாப் ஹைஸ்கூல்’ இதில் ஒரு அலையைக் கிளப்பியது. வெளிநாட்டு ரசிகர்களுக்கு அதிகம் தெரிந்தது தகாஷி மீகே 2007இல் எடுத்த ‘குரோஸ் ஜீரோ’. அதில் வரும் சுசுரான் பள்ளியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: சுவர் முழுக்கக் கிறுக்கல், பாடம் என்று ஒன்று நடப்பதாகவே தெரியாது, ஊருக்கு முகவரி கிடையாது. பையன்கள் ஏன் அடித்துக்கொள்கிறார்கள் என்றால், யார் பெரிய ஆள் என்று தெரிய வேண்டுமாம். சரி, அதில் ஒரு சுகம் இருக்கிறது, மறுக்கவில்லை. மழையில் நனைந்த மைதானத்தில் நூறு பேர் மோதிக்கொள்ளும்போது காரணம் கேட்டுக்கொண்டிருக்க யாருக்கும் தோன்றாது.

‘பச்சிகி!’யில் கொரியப் பள்ளியின் பான்சோவாக வரும் தகாஓகா சோசுகே, இரண்டு ஆண்டு கழித்து ‘குரோஸ் ஜீரோ’விலும் இசாகி என்ற பாத்திரத்தில் வருகிறார். அதே முறைப்பு, அதே முஷ்டி. ஆனால் அங்கே அவர் கையை ஓங்கும்போது பின்னால் ஒரு பள்ளிக்கூடம் மட்டும்தான் இருக்கிறது. இங்கே ஓங்கும்போது பின்னால் ஒரு சுரங்கப்பாதை, ஒரு கப்பல், ஒரு ஆறு எல்லாம் இருக்கின்றன. அந்தப் பையனுக்கே அவை எல்லாம் முழுதாகத் தெரியாது என்பதுதான் விசேஷம்.

கதை

ஹிகாஷி மேல்நிலைப் பள்ளியில் படிக்கும் கோசுகே சண்டைக்காரன் இல்லை. பெண் பிள்ளைகளிடம் பெயர் வாங்கத் தலைமுடியை வளர்க்கிற ரகம். அவனுடைய வகுப்பாசிரியர் ஒரு மாவோ பித்தர். பஸ் கவிழ்ந்த கதைக்குப் பிறகு அவர் ஒரு யோசனை சொல்கிறார்: கொரியப் பள்ளிக்குப் போய் ஒரு கால்பந்துப் போட்டிக்கு அழைத்துவிட்டு வாருங்கள், அடித்துக்கொள்வதைப் பந்தோடு அடித்துக்கொள்ளலாம். கோசுகேயும் நண்பன் நோரியோவும் நடுங்கிக்கொண்டே போகிறார்கள். போன இடத்தில் இசை அறையிலிருந்து ஒரு மெட்டு வருகிறது. புல்லாங்குழல் வாசிக்கிறாள் ஒரு பெண், கியோங்ஜா. வாசிப்பது ‘இம்ஜின் ஆறு’. அவ்வளவுதான், பையன் விழுந்துவிட்டான்.

அப்புறம்தான் தெரிகிறது, அவள் பான்சோ ஆன்சோங்கின் தங்கை.

கோசுகே கிதார் பழகுகிறான், அகராதி வைத்துக்கொண்டு கொரிய மொழி பழகுகிறான். சகாசாகி என்ற ஹிப்பித்தனமான இளைஞன் அந்தப் பாட்டின் கதையைச் சொல்லிக் கொடுக்கிறான். இந்தப் பக்கம் இப்படி என்றால், அந்தப் பக்கம் ஹிகாஷி பள்ளியின் கராத்தே குழுவுக்கும் ஆன்சோங்கின் ஆட்களுக்கும் அடிதடி முற்றிக்கொண்டே போகிறது. ஆன்சோங் வடகொரியாவுக்குக் கப்பல் ஏறி, கால்பந்து வீரனாகி உலகக் கோப்பையில் ஆட வேண்டும் என்று கனவு காண்கிறான். அவனுடைய குழந்தையை ஒரு ஜப்பானியப் பெண், மோமோகோ, வயிற்றில் சுமக்கிறாள், அவனிடம் சொல்லவில்லை. நடுவில் கோசுகேக்கு நண்பனாகிவிட்ட சேதோகி என்ற கொரியப் பையன் செத்துப்போகிறான். அங்கிருந்து படம் வேறு படமாக மாறுகிறது.

பாட்டு வந்த வழி

இந்தக் கதையில் பாதி கற்பனை இல்லை. மட்சுயாமா தகேஷி என்ற எழுத்தாளர், 1946இல் கியோட்டோவில் பிறந்தவர், தன் சிறுவயது நினைவுகளை ஒரு புத்தகமாக எழுதினார். படம் அதிலிருந்துதான் எடுத்துக்கொண்டது. அவர் நடுநிலைப் பள்ளியில் படிக்கும்போது ஜப்பானியப் பள்ளிப் பையன்களுக்கும் கொரியப் பள்ளிப் பையன்களுக்கும் ஓயாத சண்டை. அதை நிறுத்த ஒரு கால்பந்துப் போட்டி வைக்கலாம் என்று தோன்றி, வெள்ளி மண்டபம் என்று சுற்றுலாப் பயணிகள் தேடிப் போகும் கின்காகுஜி கோயிலுக்குப் பக்கத்து மலைச்சரிவில் இருக்கும் கொரியப் பள்ளிக்கு ஏறிப்போனார். அங்கே காதில் விழுந்ததுதான் அந்தப் பாட்டு. அது 1960ஐ ஒட்டிய காலம். படம் அதைத் தூக்கி 1968இல் வைத்துவிட்டது. பையன்களும் நடுநிலைப் பள்ளியிலிருந்து மேல்நிலைப் பள்ளிக்கு வளர்ந்துவிட்டார்கள். ஏன் இந்த மாற்றம் என்பதற்குப் பதில், அந்தப் பாட்டுக்கு 1968இல் என்ன நடந்தது என்பதில் இருக்கிறது.

‘இம்ஜின் ஆறு’ 1957இல் வடகொரியாவில் பிறந்த பாட்டு. வரிகள் பாக் செ-யோங், இசை கோ சோங்-ஹ்வான். இம்ஜின் வடக்கில் பிறந்து, இரண்டு கொரியாக்களையும் பிரிக்கும் எல்லையைத் தாண்டித் தெற்கே போய் ஹான் ஆற்றோடு சேர்கிறது. தண்ணீர் போகிறது, நீர்ப்பறவை பறந்து போகிறது, தெற்கில் இருக்கும் என் ஊருக்கு நான் மட்டும் போக முடியவில்லையே என்பதுதான் பாட்டு. எழுதிய பாக் செ-யோங் தெற்கிலிருந்து 1946இல் வடக்கே போனவர். வடகொரியாவின் தேசிய கீதத்துக்கு வரி எழுதியவரும் அவரே. அரசாங்கத்துக்குப் பாட்டு எழுதிக் கொடுத்த ஆள்தான், ஆனால் ஊர் ஏக்கம் பொய்யில்லை என்று எனக்குப் படுகிறது.

மட்சுயாமா இதை கியோட்டோவின் மாணவர் குழுவான ‘ஃபோக் குரூசேடர்ஸ்’ பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். யாரோ எழுதிய பாட்டு என்று அவர்களுக்குத் தெரியாது. நாட்டுப்பாடல் என்றே நினைத்துக்கொண்டார்கள். 1966 முதல் மேடையில் பாடினார்கள். குழுவைக் கலைப்பதற்கு முன்னால் ஞாபகத்துக்கு என்று 1967இல் சொந்தக் காசில் 300 இசைத்தட்டு அடித்தார்கள். அதில் குடித்துவிட்டுச் சொர்க்கத்துக்குப் போய்த் திரும்பும் ஒருவனைப் பற்றிய வேடிக்கைப் பாட்டும் இருந்தது. கோபேயில் இருக்கும் கான்சாய் வானொலி அதை ஒலிபரப்ப, அது தீயாய்ப் பரவியது. தோஷிபா இசைத்தட்டு நிறுவனம் அதை வெளியிட்டு இருபது லட்சத்துக்கு மேல் விற்றது. கலைந்துபோக இருந்த பையன்கள் நாடறிந்த குழுவாகிவிட்டார்கள். அடுத்த இசைத்தட்டு என்ன? ‘இம்ஜின் ஆறு’தான் என்று முடிவாயிற்று. வெளியீட்டு நாள் 1968 பிப்ரவரி 21.

பிப்ரவரி 20ஆம் தேதி நிறுவனம் அதை நிறுத்திவிட்டது.

ஜப்பானில் இருக்கும் வடகொரிய ஆதரவு அமைப்பான சோங்ரியோன், இது நாட்டுப்பாடல் இல்லை, எழுதியவர், இசையமைத்தவர் பெயரைப் போடுங்கள், நாட்டின் முழுப் பெயரான கொரிய மக்கள் சனநாயகக் குடியரசு என்பதையும் போடுங்கள் என்று கேட்டிருந்தது. மட்சுயாமா கூடுதலாக எழுதிச் சேர்த்த ஜப்பானிய வரிகளும் அவர்களுக்கு ஒத்துவரவில்லை. ஜப்பானோ 1965இல்தான் தென்கொரியாவோடு உறவு ஏற்படுத்திக்கொண்டது. வடகொரியாவை ஏற்கவே இல்லை. அந்தப் பெயரை உறையில் அச்சடிப்பது சின்ன விஷயம் இல்லை. எந்தச் சட்டமும் பாட்டைத் தடுக்கவில்லை. எந்த நீதிமன்றமும் உத்தரவு போடவில்லை. நிறுவனம் தானே கையை எடுத்துக்கொண்டது. வானொலிகளும் மெல்ல ஒதுங்கின. ‘தடை செய்யப்பட்ட பாட்டு’ என்று ஊரே நம்பிவிட்டது.

அந்த ஆண்டு தொடங்கிய விதத்தையும் பார்க்க வேண்டும். ஜனவரி 21ஆம் தேதி வடகொரியக் கமாண்டோக்கள் தென்கொரியத் தலைநகர் சோலில் அதிபர் மாளிகையைத் தாக்கப் போனார்கள். 23ஆம் தேதி ‘புவேப்லோ’ என்ற அமெரிக்க உளவுக் கப்பலை வடகொரியா பிடித்தது. இசைத்தட்டு நிறுத்தப்பட்ட அதே பிப்ரவரி 20ஆம் தேதி இரவு, கிம் ஹிரோ என்ற, ஜப்பானில் பிறந்த கொரியர் ஷிமிசு நகரத்தில் யாகுசா என்ற ரவுடிக் கும்பலின் ஆட்கள் இருவரைச் சுட்டுக் கொன்றுவிட்டு, மலைக்குள் ஒரு விடுதியில் ஆட்களைப் பணயமாகப் பிடித்து உட்கார்ந்துகொண்டார். கொரியர்களை இழிவாகப் பேசிய போலீஸ்காரர் தொலைக்காட்சியில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது அவர் வைத்த கோரிக்கை. 24ஆம் தேதி பிடிபடும் வரை நாடு முழுக்கத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தது. படத்தில் இவர் வருவதில்லை. ஆனால் 1968 என்ற எண்ணைத் திரையில் பார்த்ததும் கொஞ்சம் வயதான ஜப்பானியருக்கு இது நினைவுக்கு வராமல் இருக்காது.

சரி, இசைத்தட்டு நின்றுவிட்டது, விற்பனைக்கு ஏதாவது வேண்டுமே. குழுவின் கதோ கஸுஹிகோவை ஓர் அறையில் உட்கார வைத்து, புதுப் பாட்டு போட்டுவிட்டு வெளியே வா என்றார்கள். அவர் நிறுத்தப்பட்ட பாட்டின் மெட்டைத் தலைகீழாகப் போட்டுப் பார்த்திருக்கிறார். அதிலிருந்து ஒரு புது மெட்டு கிடைத்தது. மார்ச் மாதமே அது வெளிவந்து பெரிய வெற்றி பெற்றது. துக்கம் தாங்க முடியவில்லை என்கிற பாட்டு. ‘இம்ஜின் ஆறு’ நேராக வர முடியாமல் பின்பக்கமாக வந்து சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம். முப்பத்தேழு ஆண்டு கழித்து ‘பச்சிகி!’க்கு இசையமைத்தவர் அதே கதோ கஸுஹிகோ. இரண்டு பாட்டும் படத்தில் இருக்கின்றன.

பையன்கள் கம்பும் கல்லும் எடுத்து ஒருவரையொருவர் நொறுக்கிக்கொண்டிருந்த காலம் அது. அதை நிறுத்த ஒரு நிறுவனமும் பதறவில்லை. ஒரு பாட்டைக் கண்டுதான் பதறினார்கள். படம் இதை ஒரு இடத்திலும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் சண்டையையும் பாட்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து வெட்டிக்கொண்டே போகிறது.

ஆற்றைக் கடப்பது

கியோட்டோவின் நடுவில் ஓடுகிறது காமோ ஆறு. பெரிய ஆறு இல்லை, பல இடத்தில் இறங்கி நடந்துவிடலாம். ஓர் இரவு கியோங்ஜா எதிர்க்கரையில் நிற்க, கோசுகே பாலத்தைத் தேடிப் போகாமல் தண்ணீரில் இறங்கி, நனைந்துகொண்டே அந்தப் பக்கம் போய் ஏறுகிறான். தன்னோடு பழகச் சொல்லிக் கேட்கிறான். அவள் திருப்பி ஒன்று கேட்கிறாள்: நாளைக்கு நமக்குக் கல்யாணம் என்று வந்தால், நீ கொரியன் ஆவாயா?

அவனிடம் பதில் இல்லை. ஆற்றைக் கடப்பது எளிது என்று காட்டிவிட்டு, அடுத்த நொடியே கடக்க முடியாதது எது என்று காட்டும் இந்த இடம்தான் படத்தின் ஆகச் சிறந்த காட்சி என்பேன். இங்கே அடி இல்லை, ரத்தம் இல்லை. ஒரு பதினேழு வயதுப் பையன் வாயடைத்து நிற்கிறான், கால்சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது.

பார்க்கிற தமிழருக்கு அந்தக் கேள்வி கொஞ்சம் விளக்கம் கேட்கும். 1910இல் கொரியாவை ஜப்பான் தன்னோடு இணைத்துக்கொண்டது. பிழைப்பு தேடி வந்தவர்களும், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வேலைக்கு இழுத்து வரப்பட்டவர்களும் என்று லட்சக்கணக்கானோர் ஜப்பானுக்கு வந்தார்கள். போர் முடிந்ததும் பலர் திரும்பினார்கள், ஏறக்குறைய ஆறு லட்சம் பேர் தங்கிவிட்டார்கள். 1948இல் அவர்களுடைய பள்ளிகளை மூட உத்தரவு வந்தபோது கோபேயிலும் ஒசாகாவிலும் பெரும் போராட்டம் வெடித்தது. ஒசாகாவில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் காவல்துறையின் குண்டுக்குப் பலியானான். 1952இல் ஜப்பானோடு போட்ட சமாதான ஒப்பந்தமான சான் பிரான்சிஸ்கோ உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த அன்று இவர்கள் எல்லோரும் ஜப்பானியக் குடியுரிமையை இழந்து ஒரே நாளில் அயல்நாட்டார் ஆனார்கள். ஆக, அந்தப் பள்ளிச் சீருடை வெறும் சீருடை இல்லை. கொரியப் பெண்ணைக் கட்டிக்கொள்ளும் ஜப்பானியன் எதையும் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை என்றே எல்லோரும் நினைத்திருந்த நாட்டில், அவள் கேட்ட கேள்வி திசையைத் திருப்பிப் போடுகிறது.

கப்பல் கதைக்கும் இதே வேர். ஜப்பானிலிருந்த கொரியர்களை வடகொரியாவுக்கு அனுப்பும் திட்டத்துக்கு இரு நாட்டு செஞ்சிலுவைச் சங்கங்களும் 1959 ஆகஸ்ட்டில் கையெழுத்திட்டது நம் கல்கத்தாவில். அந்த டிசம்பரில் நீகாதா துறைமுகத்திலிருந்து முதல் கப்பல்கள் கிளம்பின. 1984 வரை 93,000 பேருக்கு மேல் போனார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குச் சொந்த ஊர் தெற்கில்! இதுவரை பார்த்தே இராத வடக்குக்குத்தான் ‘தாயகம் திரும்புகிறோம்’ என்று கப்பலேறினார்கள். ஜப்பானில் வேலை கிடையாது, மரியாதை கிடையாது. அங்கே படிப்பு, வீடு எல்லாம் உண்டு என்று சொல்லப்பட்டது. ஆன்சோங்குக்குக் கால்பந்து. 1966 உலகக் கோப்பையில் வடகொரியா இத்தாலியை 1–0 என்று வீட்டுக்கு அனுப்பி, காலிறுதியில் போர்ச்சுகலுக்கு எதிராக மூன்று கோல் முன்னிலை எடுத்து, பிறகு 3–5 என்று தோற்றது. தெருச் சண்டையில் பெயர் எடுத்த ஒரு கொரியப் பையனுக்கு 1968இல் இதைவிடப் பெரிய கனவு என்ன இருக்க முடியும்? ஒன்று மட்டும்: கல்கத்தா ஒப்பந்தம் 1967இல் முடிந்து, 1971 வரை கப்பல்கள் ஓடவில்லை. அந்த நுணுக்கத்தைப் படம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நானும் குற்றம் சொல்லப் போவதில்லை, ஆனால் தெரிந்துகொண்டு பார்த்தால் அவன் கனவு இன்னும் கொஞ்சம் பாவமாகத் தெரிகிறது.

வாசலில் நுழையாத பெட்டி

சேதோகியின் உடலை வீட்டுக்குக் கொண்டு வருகிறார்கள். வீடு என்பது தகரமும் பலகையும் அடித்த ஒண்டுக் குடித்தனம். சவப்பெட்டி வாசலில் நுழையவில்லை. எப்படிச் சாய்த்துப் பார்த்தும் நுழையவில்லை. நண்பர்கள் அழுதுகொண்டே வாசல் சட்டத்தை அடித்து உடைக்கிறார்கள். பஸ்ஸைச் சாய்த்த அதே கைகள். முதல் காட்சியில் நாம் சிரித்ததற்கு இயக்குநர் இங்கே கணக்குத் தீர்க்கிறார்.

துக்கம் கேட்க கோசுகே வருகிறான், பூவோடு, பவ்யமாக. ஓரத்தில் உட்கார்ந்திருந்த கிழவர் (நடிகர் சாசானோ தகாஷி) வெளியே போ என்கிறார். இகோமா சுரங்கப்பாதையைத் தோண்டியது யார் தெரியுமா, நாடாளுமன்றக் கட்டடத்துப் பளிங்கு எங்கிருந்து வந்தது, யார் தூக்கி அடுக்கியது தெரியுமா, எதுவும் தெரியாத நீ இங்கே எதற்கு என்று கேட்கிறார். இகோமா என்பது ஒசாகாவுக்கும் நாராவுக்கும் நடுவில் நிற்கும் மலை. அதைக் குடைந்து 1914இல் ரயில் விட்டார்கள், சுமார் 3.4 கிலோமீட்டர் சுரங்கம். தோண்டியவர்களில் கொரியத் தொழிலாளர்கள் பலர். 1913இல் உள்ளே மண் சரிந்து ஆட்கள் புதைந்தார்கள். இயக்குநர் இஸுட்சு நாராக்காரர். சின்ன வயதிலிருந்து பார்த்த மலையைத்தான் கிழவரின் வாயில் வைத்திருக்கிறார்.

இந்தப் பேச்சை ஒரு வாத்தியாரோ தலைவரோ பேசியிருந்தால் பிரசங்கம் ஆகியிருக்கும். இழவு வீட்டில், குடித்திருக்கும் ஒரு கிழவர், தன் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கும், தப்பே செய்யாத ஒரு பையனிடம் பேசுகிறார். நியாயமா என்றால் நியாயமில்லை. கோசுகேயைப் போல அந்த வீட்டுக்கு வந்த ஜப்பானியப் பையன் வேறு யாரும் இல்லை. வந்தவன் மேல்தான் கோபத்தைக் காட்ட முடியும், வராதவர்களிடம் எப்படிக் காட்டுவது?

கோசுகே வெளியே வந்து, பாலத்தின் மேல் தன் கிதாரை அடித்து நொறுக்கி ஆற்றில் வீசுகிறான்.

அதற்குப் பிறகு வருவது நான்கு சரடுகளை ஒன்றாகப் பின்னும் உச்சக்கட்டம். காமோ ஆற்றில் இரண்டு பள்ளிப் பையன்களும் மோதுகிறார்கள். மருத்துவமனையில் மோமோகோவுக்குப் பிரசவ வலி. இழவு வீட்டில் பெரியவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். வானொலி நிலையத்தில் கோசுகே ‘இம்ஜின் ஆறு’ பாடப் போகிறான். அந்தப் பாட்டு கூடாது என்று மேலதிகாரி குறுக்கே நிற்க, நிகழ்ச்சியின் பொறுப்பாளர், பாடக் கூடாத பாட்டு என்று உலகத்தில் ஒன்று கிடையாது என்று சொல்லி ஒலிபரப்பவிடுகிறார். கியோங்ஜா அதைக் கேட்டு, டிரான்சிஸ்டரைக் கையில் ஏந்தி இழவு வீட்டுக்குள் கொண்டுபோகிறாள். உடைத்த வாசல் வழியாகப் பாட்டு உள்ளே போகிறது.

மிகையா? ஆமாம், கொஞ்சம் மிகைதான். ஒரு பக்கம் சாவு, ஒரு பக்கம் பிறப்பு, பின்னணியில் பாட்டு என்பது நமக்கும் பழகிய வித்தைதான். ஆனாலும் எனக்குத் தொண்டை அடைத்தது. காரணம் பாட்டு மட்டும் இல்லை. ஒலிபரப்பு எதையும் தீர்த்துவைக்கவில்லை என்பதும்தான். பாட்டு ஒலிக்கும்போதும் ஆற்றில் கல் பறந்துகொண்டுதான் இருக்கிறது. ஆன்சோங்கை அங்கிருந்து கிளப்புவது பாட்டு இல்லை, குழந்தை பிறக்கப் போகிற செய்தி.

எடுத்தவர்கள், குறைகள்

இந்தப் படத்தை எடுக்கத் துணிந்த தயாரிப்பாளர் லீ பாங்-ஊ. கியோட்டோவில் பிறந்து வளர்ந்த கொரியர், ‘சினே கானோன்’ நிறுவனத்தை நடத்தியவர். ‘ஷிரி’, ‘ஜேஎஸ்ஏ’ போன்ற தென்கொரியப் படங்களை ஜப்பானில் ஓடவைத்தவர் அவர்தான். இஸுட்சுவுக்கும் இது புது நிலம் இல்லை. 1981இல் எடுத்த ‘காகி தெய்கோகு’விலேயே ஒசாகாவின் சண்டைக்காரப் பையன்களையும் அவர்களுக்கிடையில் இருந்த கொரியப் பையன்களையும் காட்டியிருந்தார். ஊர்ப் பேச்சு, உடம்பில் விழும் அடியின் கனம், அடுத்த நிமிடமே வரும் கேலி, எல்லாம் அங்கிருந்தே வருகின்றன.

படம் வந்த நேரமும் வினோதமானது. ஒரு பக்கம் ‘குளிர்காலச் சொனாட்டா’ என்ற தென்கொரியத் தொடரால் ஜப்பானியப் பெண்கள் கொரிய நடிகர்மேல் பித்தாக இருந்தார்கள். இன்னொரு பக்கம் 2002 செப்டம்பரில் ஜப்பானியர்களைக் கடத்தியதை வடகொரியா ஒப்புக்கொண்ட பிறகு, கொரியப் பள்ளிப் பிள்ளைகள் தெருவில் நடப்பதே பயமாகியிருந்தது. அதே 2005இல் டோக்கியோ கோபுரம் எழும்பிய 1958ஆம் ஆண்டை இனிக்க இனிக்கக் காட்டிய ‘ஆல்வேஸ்’ படமும் வந்தது. ஜப்பான் அகாதமியின் சிறந்த படம் விருது அதற்கு. பழைய காலம் என்றால் இரண்டு விதமாகவும் நினைத்துப் பார்க்கலாம்.

குறை என்று சொன்னால், பெண்கள். கியோங்ஜா புல்லாங்குழல் வாசிக்கிறாள், அழகாக இருக்கிறாள், ஆற்றங்கரையில் அந்த ஒரு கேள்வி கேட்கிறாள். அதைத் தாண்டி அவளுக்கென்று ஒரு வாழ்க்கையைப் படம் தரவில்லை. மோமோகோ சுமக்கிறாள், பெறுகிறாள். மாகி யோகோ நடித்த காங்ஜா மட்டும் விதிவிலக்கு. சண்டைக் கூட்டத்திலிருந்து விலகி மருத்துவமனையில் செவிலியர் வேலைக்குப் போய், பிரசவத்தின்போது துணை நிற்பவள் அவள்தான். அவளை வைத்தே ஒரு படம் எடுத்திருக்கலாம். எதிர்த்தரப்புக் கராத்தே குழுவிலும் ஒருவன்கூட ஆளாகத் தேறவில்லை, எல்லோரும் முகமில்லாத முரடர்கள். 2007இல் கதையை 1974ஆம் ஆண்டின் டோக்கியோவுக்கு நகர்த்தி, வேறு நடிகர்களோடு ஒரு இரண்டாம் பாகம் வந்தது. முதல் படத்தின் காற்று அதில் இல்லை.

2009 டிசம்பரில் கியோட்டோவின் கொரியத் தொடக்கப் பள்ளி ஒன்றின் வாசலில், ஜைடொக்குகாய் என்ற வெறுப்புக் கூட்டம் ஒலிபெருக்கியோடு வந்து நின்று கத்தியது. உள்ளே பிள்ளைகள் இருந்தார்கள். சுமார் 1.2 கோடி யென் இழப்பீடு கொடுக்க கியோட்டோ மாவட்ட நீதிமன்றம் 2013இல் உத்தரவிட்டது. 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இந்த முறை வாசலில் வந்து நின்றவர்கள் பள்ளிப் பையன்கள் இல்லை, வளர்ந்த ஆட்கள்.

பாட்டு கடைசியில் வெளியே வந்துவிட்டது. 2001 டிசம்பர் 31 இரவு, ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கே நடத்தும், நாடே பார்க்கும் புத்தாண்டுப் பாட்டு நிகழ்ச்சியில் தென்கொரியப் பாடகி கிம் யோன்-ஜா அதைப் பாடினார். 2002 மார்ச்சில், நிறுத்தப்பட்ட அந்த இசைத்தட்டு அப்படியே கடைக்கு வந்தது. நடுவில் முப்பத்து நான்கு ஆண்டுகள்.

மட்சுயாமா அந்தப் பாட்டைக் கற்றுக்கொண்ட விதம் படத்தில் முழுதாக வரவில்லை. மலைச்சரிவுப் பள்ளியில் கேட்டது மெட்டு மட்டும்தான். அவர் டிரம்பெட் பழகிக்கொண்டிருந்தார். வீட்டில் வாசித்தால் அக்கம்பக்கம் சண்டைக்கு வரும் என்று காமோ ஆற்றின் குஜோ பெரிய பாலத்துக்கு அடியில் போய் வாசிப்பார். அங்கே சாக்ஸபோன் பழக இன்னொரு பையனும் வருவான், கொரியப் பள்ளிக்காரன். ஒருநாள் மட்சுயாமா அவனிடம் அந்த மெட்டைச் சொல்லிக் கேட்டார். அடுத்து வந்தபோது அவன் ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தான். அக்கா எழுதியது: பாட்டின் கொரிய வரிகள், அதற்கு ஜப்பானிய அர்த்தம். கூடவே ஒரு சின்ன அகராதி.